நிற்கும் கன்று ஒன்று

அச்சகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பட்டம். இருபத்தெட்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிற வேலை. ஒருமுறை, இன்னும் அச்சேறாத வெற்றுத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, இதில் இரண்டு பிழை இருக்கிறது என்றாள். முதலாளி சிரித்தார். ஒன்று, ஓரம் கோணலாக வெட்டியிருந்தது. இன்னொன்று, அன்றைக்கு வந்திருக்க வேண்டிய தாளே அது இல்லை. அன்று முதல் வெற்றுத்தாளைக்கூட அவளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் மெஷினில் ஏற்றினார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஆயுசில் ஒரே ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அது பாகப்பிரிவினைப் பத்திரம்.

அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பத்திர எழுத்தரின் மேஜைக்கு எதிரே அண்ணனும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் பேனா மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"படிக்கணுமா பாப்பா? நான் இருக்கேன்ல?"

ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவள்தான். அண்ணனுக்கு மட்டும் பாப்பா.

"நிலம் வறண்டு கிடக்கு. அதை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற? அந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன். உனக்குக் கன்னுக்குட்டியை எழுதியிருக்கேன். நாளைக்கு அது மாடாகும், வீட்டுக்குப் பால் ஆச்சு. அதுவரைக்கும் தண்ணி, தீனி எல்லாம் அண்ணன் பொறுப்பு. அதையும் பத்திரத்துலயே போடச் சொல்லிட்டேன்."

நெற்றியில் வெள்ளையாக ஒரு காற்புள்ளி போட்ட கன்றுக்குட்டி அது. அவளுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். மூன்று ஏக்கர் நிலத்துக்குப் பதிலாக ஒரு கன்றுக்குட்டி என்ற கணக்கு அந்த நேரத்தில் அவள் மண்டையில் ஏறவில்லை. அண்ணன் அழுகிறார் என்பது மட்டும் ஏறியது. போட்டாள்.

பத்து நாள் கழித்து அண்ணன் வந்து, கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டது என்றார். ஏதோ காய்ச்சலாம். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினாள்.

அண்ணனுக்குச் சலவை நிலையம். வாசலில் பெரிய பலகை, அதில் 'பளிச்' என்று ஒரே சொல். விடுதிகளின் படுக்கை விரிப்பு, டாக்டர்களின் கோட்டு, வக்கீல்களின் சட்டை, எல்லாம் வெள்ளை. எல்லாம் அங்கேதான் வெளுக்கும். அவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் எதிரே வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார் என்பார்கள். கடைக்குப் பின்னால் நீளமான காயப்போடும் முற்றம். பதினான்கு கொடி. அந்த முற்றத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் காற்புள்ளியின் வீடு. பாசம் பொங்கிய காலத்தில் அண்ணனும் தங்கையும் முதுகோடு முதுகாக இருக்கட்டும் என்று வாங்கிய மனைகள்.

இரண்டரை வருஷம் போனது.

ஒருநாள் அச்சகத்துக்கு ஒரு பால்காரர் வந்தார். வீடுகளுக்குக் கொடுக்கிற பால் அட்டை அடிக்க வேண்டும், அட்டையில் தன் மாட்டின் படம் வர வேண்டும் என்றார். படத்தை மேஜை மேல் வைத்தார். காற்புள்ளி எழுத்துப்பிழை பார்க்கக் குனிந்தாள். மாட்டின் நெற்றியில் வெள்ளையாக ஒரு காற்புள்ளி.

"இந்த மாடு எங்க வாங்கினீங்க?"

"பளிச் கடைக்காரர்கிட்டதாங்க. கன்னுக்குட்டியா வாங்கினேன். தங்கமான மாடு. அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டுகூட இருக்கு, பாருங்க."

பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'கன்று ஒன்று இன்று விற்றேன்.' கீழே அண்ணனின் கையெழுத்து, தேதி நான்கு. பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டது அதே மாதம் பதினொன்றாம் தேதி.

அவள் சீட்டைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பால் அட்டையில் 'சுத்தமான' என்பதில் விட்டுப்போயிருந்த புள்ளியைச் சேர்த்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அதைப் படித்தாள்.

'மேற்படி நிலமும், அதிலுள்ள மரம், செடி, கொடி, கிணறு அனைத்தும் மூத்தவரைச் சேரும். மேற்படி நிலத்தில் நிற்கும் கன்று ஒன்று இளையவரைச் சேரும். அவர் விரும்பும்போது அதை எடுத்துச் செல்லலாம். மூத்தவர் தடை சொல்லலாகாது. அது பலன் தரும் வரை அதற்கு வேண்டிய தண்ணீரும் தீனியும் மூத்தவர் பொறுப்பு.'

தண்ணீரும் தீனியுமாம். ஒரு வாரத்துக்கு முன்பே விற்றுத் தின்ற கன்றுக்குத் தீனி போடுவதாக எழுதிக் கொடுப்பதில் யாருக்குத்தான் தாராளம் வராது? அண்ணனுடைய பொய்யைத் துவைத்துக் காயப்போட்டால் பதினான்கு கொடியும் போதாது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பால்காரரின் சீட்டைக் கொண்டுபோய் அண்ணன் மூஞ்சியில் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். அது அவளுக்குப் போதாது. அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பிழையைக் குறிப்பது மெய்ப்புப் பார்க்கிறவர் வேலை, திருத்துவது அச்செழுத்துக் கோத்தவர் வேலை. எவன் கை தப்பாகக் கோத்ததோ அவன் கையேதான் பிடுங்கித் திருப்பிக் கோக்க வேண்டும். 'செத்துப்போச்சு' என்று சொன்ன வாய், 'கையெழுத்துக்கு முன்னாடியே விற்றுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். நாலு பேர் நடுவில், தானாகவே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

பத்திரத்தை மறுபடி படித்தாள். மரம் உண்டு, செடி உண்டு, கொடி உண்டு. கன்று மட்டும் தனியாக இருந்தது. நிற்கும் கன்று. அவள் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

நிலத்தில் அப்பாவின் நாவல் மரம் ஒன்று இருந்தது. அண்ணன் அதை வெட்டிக் கொட்டகைக்குத் தூண் போட்டுவிட்டார். வெட்டுவதற்கு முன்பே அதன் பழம் விழுந்து முளைத்த கன்று ஒன்றை அப்பா சுற்றிலும் முள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்தார். இப்போது அது அவள் மார்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை சலவை நிலையத்துக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம். சட்டை வாங்க வந்த வக்கீல் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என் கன்னை எடுத்துக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன பாப்பா, திடீர்னு 'உங்க'ன்னு மரியாதை எல்லாம்? எந்தக் கன்னு? அதுதான் செத்துப்போச்சே, பாவம்."

"அது ஏதோ மாட்டுக்கன்னு. நான் பத்திரத்துல இருக்கற கன்னைச் சொல்றேன். நாவக் கன்னு. நிலத்துல நிக்குதே."

அண்ணன் சிரித்தார். "பத்திரத்துல எழுதினது மாட்டுக்கன்னு பாப்பா."

"அப்படியா? சார், நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்று பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்தாள்.

சட்டைக்குக் காத்திருந்த வக்கீலுக்குப் பொழுது போகவில்லை. இரண்டு தடவை படித்தார். "மாட்டுக்கன்னுன்னா அதை இவங்ககிட்ட ஒப்படைச்சிருக்கணுமே. எப்ப செத்தது?"

அண்ணன் வாயைத் திறந்தார். கையெழுத்துக்குப் பிறகு என்றால் அது இவளுடைய கன்று. பொறுப்பாக வைத்திருந்தவர் பதில் சொல்ல வேண்டும். முன்னால் என்றால் இல்லாத ஒன்றை எழுதி நிலத்தை வாங்கியதாகிவிடும். கதவு இரண்டு பக்கமும் சாத்தியிருந்தது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கொட்டாவி விட்டார்.

"மரக்கன்னுதான் சார்" என்றார். "பாப்பா ஆசைப்பட்டா. நான்தான் எழுதச் சொன்னேன்."

"நல்ல அண்ணன்" என்றார் வக்கீல். "பலன் தர்ற வரைக்கும் தண்ணியும் நீங்களே ஊத்தறதா எழுதியிருக்கீங்க! இந்தக் காலத்துல யார் செய்வாங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் பெருமையாகப் பார்த்தார்கள். அவர் முகம் அவர் வெளுத்த விரிப்பு மாதிரியே ஆகியிருந்தது.

நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒருவரை அவள் கூப்பிட்டுக்கொண்டு நிலத்துக்குப் போனாள். மனிதர் செடிகளுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். பெண்டாட்டியைக்கூட 'வா, போ' என்பார். கத்தரி நாற்றை 'வாங்க' என்பார். நாவல் கன்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவர் ஆணிவேர்க்காரர், அக்கா. அவசரப்பட்டுப் பிடுங்கினா கோவிச்சுக்குவார். கோவிச்சுக்கிட்டா திரும்ப வரமாட்டார்."

"எனக்கு அவசரம் இல்ல."

முதலில் ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகப் பள்ளம் எடுத்தார். கூரான மண்வெட்டியால் பக்க வேர்களைச் சுத்தமாக நறுக்கி, மணலும் மக்கின எருவும் கலந்து பள்ளத்தை நிரப்பினார். நறுக்கின இடத்தில் புது வேர் வரட்டும் என்று நாற்பது நாள் விட்டார்கள். பிறகு அடுத்த அரைவட்டம், இன்னொரு நாற்பது நாள். ஞாயிறு தவறாமல் காற்புள்ளி இரண்டு குடம் தண்ணீர் இறைத்து ஊற்றிவிட்டு வருவாள். அண்ணன் வேலியில் போட்டிருந்த பூட்டுக்கு ஒரு சாவியை அண்ணனிடமே கேட்டு வாங்கினாள். தடை சொல்லலாகாதே.

எடுக்கிற நாளன்று கன்றின் வடக்குப் பக்கத் தண்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார் பண்ணைக்காரர். "அங்க எந்தப் பக்கம் பார்த்து நின்னாரோ இங்கயும் அந்தப் பக்கம் பார்த்து நிக்கணும். இல்லைன்னா வெயில் படாத தோல் வெந்துடும்." இலையில் பாதியைக் கிள்ளினார். ஆணிவேரை முழங்கை ஆழத்துக்குக் கீழே ஒரே வெட்டு. வேர்மண் உதிராமல் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மண்கட்டி மட்டும் ஒரு ஆள் கனம் இருந்தது. மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தபோது, வழியில் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

வீட்டில் குழி எங்கே என்று கேட்டதும் காற்புள்ளி மதிலோரம் காட்டினாள்.

"சுவர் ஓரமா வேண்டாங்க்கா. பெரிசானா கிளை அந்தப் பக்கம் போயிடும்."

"போகட்டும்."

"பழம் அந்தப் பக்கம் விழும்."

"விழட்டும்."

"அங்க பூரா வெள்ளைத் துணி காயுதே! நாவப்பழக் கறை போகவே போகாதுங்க."

"அப்படியா?" என்றாள் அவள். "வேற எங்கயும் இடம் சரியில்ல. இங்கயே வைங்க."

பண்ணைக்காரர் மதிலைப் பார்த்தார், பதினான்கு கொடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு பேசாமல் மண்வெட்டியை எடுத்தார். சுண்ணாம்புக் கோடு வடக்கே பார்க்க, பழைய மண்மட்டம் ஒரு விரல்கூட ஏறாமல் இறங்காமல், கன்று குழியில் நின்றது. மண்ணை மிதித்து, பாத்தி கட்டி, வெயிலுக்கு மேலே ஒரு பழைய விரிப்பைப் பந்தல் மாதிரி கட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அண்ணன் வாளியோடு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"பாரு பாப்பா, சொன்ன சொல் தவறமாட்டேன்."

தினமும் வந்தார். ஒரு வாளி ஊற்றினார். பத்தாவது நாள் மீதியிருந்த இலையும் கருகி உதிர்ந்தது. பதினைந்தாவது நாள் கன்று, துணி கிழிந்த குடைக்கம்பி மாதிரி நின்றது. காற்புள்ளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அச்சகத்தில் அன்று ஒரு பக்கத்தில் மூன்று பிழையை விட்டுவிட்டாள். முதலாளி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார்.

பண்ணைக்காரர் வந்து பாத்தி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். "அக்கா, இவருக்கு யாரோ துணி வெளுக்கற சலவைத்தூள் போடறாங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மதில் மேல் தினமும் வந்து உட்காருகிற காகம் ஒன்று அண்ணனின் வாளியில் குளித்துவிட்டுப் போகும். கொஞ்ச நாளாக அது சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்து, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். இன்று அது மூக்கைத் தவிர முழு வெள்ளை. மற்ற காகங்கள் அதைக் கொக்கு என்று நினைத்துத் தூர விலகிப் பறந்தன.

மேல்மண்ணை வாரி எறிந்து, புது மண் போட்டு, அன்று முழுக்க நாற்பது குடம் நல்ல தண்ணீர் விட்டு வேரைக் கழுவினார்கள். "உயிர் இருக்கான்னு தெரியல" என்றார் பண்ணைக்காரர். நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தார். தோலுக்கு அடியில் ஒரு நூல் அளவு பச்சை. "இருக்கார். பேசத்தான் மாட்டேங்கறார்."

மறுநாள் அண்ணன் வாளியோடு வந்ததும் காற்புள்ளி ஒரு டம்ளரை நீட்டினாள்.

"முதல்ல நீங்க ஒரு டம்ளர் குடிங்க அண்ணே."

"நான் எதுக்கு?"

"கன்னுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன் வாய் பட்டா நல்லா வளரும்னு ஒரு நம்பிக்கை."

"யார் நம்பிக்கை?"

"என்னுது."

அண்ணன் வாளியைப் பார்த்தார். "இரு, இது ஆறிப்போன தண்ணி. வேற கொண்டாரேன்" என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வந்த தண்ணீர் குடிதண்ணீர்தான். அண்ணன் தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் மீதியை ஊற்றினார். சந்தில் போகிறவர்கள், மரத்தோடு ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கிற மனிதரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் தண்டின் கணுவில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. காற்புள்ளி அன்று அச்சகத்துக்குப் போய், ஒரு அகராதிக்காரருக்குப் பதினேழு பிழை கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

பிறகு அது வளர்ந்த வளர்ச்சியைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கோபத்தில் வளர்கிற மரத்துக்கு எரு தேவையில்லை. ஆனாலும் பத்திரத்தில் தீனி என்று இருந்ததால் மாதம் ஒரு கூடை மக்கின எருவையும் அண்ணனே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எருக்கூடை சுமந்த ஒரே சலவைக்கடைக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வருஷம் மரம் மதிலை எட்டிப் பார்த்தது. மூன்றாம் வருஷம் மதில் மேல் கை வைத்தது. நாலாம் வருஷம் முதல் மூன்று கொடிக்கு மேலே நிழல் விழுந்தது.

அண்ணி ஒருநாள் வந்தாள்.

"உங்க அண்ணனுக்கு இடுப்பு போச்சு. நாலு வருஷமா வாளி தூக்கறார். கூடப் பிறந்தவரை இப்படியா பழி வாங்குவே?"

"பழியெல்லாம் இல்ல அண்ணி. பத்திரம்."

"அந்த மனுஷன் எவ்வளவு இளகின மனசுக்காரர் தெரியுமா? உன் கன்னுக்குட்டி செத்தப்ப ரெண்டு நாள் வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்கல."

காற்புள்ளி அண்ணிக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பாவம், வீட்டுக்குள்ளேயும் அதே பதிப்பைத்தான் விற்றிருக்கிறார்.

"அண்ணன் வந்து ஒரே ஒரு வரி சொல்லட்டும் அண்ணி. என்ன வரின்னு அவருக்குத் தெரியும்."

அண்ணி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயந்திரம் மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியை உதைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் மறுநாள் ஆறரைக்கு வாளி வந்தது. வரி வரவில்லை.

ஐந்தாம் வருஷம் மரம் பூத்தது. வெள்ளை வெள்ளையாகக் கொத்துப் பூ, தேனீக்கள் மொய்த்தன. காற்புள்ளி விடிந்ததும் ஜன்னலைத் திறந்தபோது, அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கொடிக்கு முட்டுக் கொடுக்கிற நீளக் கம்பால் பூக்களைத் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"பூச்சி... பூச்சி இருந்துச்சு பாப்பா."

"தட்டுங்க அண்ணே, தட்டுங்க. அந்தக் கிளையில இன்னும் ரெண்டு கொத்து இருக்கு."

அவர் ஒரு கொத்து விடாமல் தட்டினார். மூன்று நாள் தட்டினார். வேலை முடிந்து ஸ்டூலிலிருந்து இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்குக் கணக்கு விளங்கியது. பூ இல்லையென்றால் பழம் இல்லை. பழம் இல்லையென்றால் பலன் இல்லை. பலன் தரும் வரை வாளி. தன் கையாலேயே இன்னும் ஒரு வருஷத்துக்குத் தண்ணீர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த தங்கையை அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் டம்ளரைச் சற்றே உயர்த்திக் காட்டினாள்.

ஆறாம் வருஷம் அண்ணன் பூவைத் தொடவில்லை. பூ பிஞ்சானது, பிஞ்சு காயானது. ஒருநாள் காலை வாளியோடு வந்தவர் தரையிலிருந்து கறுப்பாக ஒரு பழத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருந்தது முகம்.

"பலன் வந்தாச்சு. பார்த்துக்கோ. இன்னையோட என் பொறுப்பு முடிஞ்சுது."

"முடிஞ்சுது அண்ணே."

வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிற நடையே மாறிவிட்டது.

மரத்துக்கு அவருடைய தண்ணீர் தேவைப்படாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதன் வேர் மதிலுக்கு அடியில் புகுந்து சலவை நிலையத்தில் துணி அலசிய தண்ணீர் ஓடுகிற கால்வாயைக் கண்டுபிடித்துவிட்டதைப் பண்ணைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். காற்புள்ளி அண்ணனிடம் சொல்லவில்லை. பத்திரத்தில் இல்லாததை எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று மத்தியானம் காற்று எழுந்தது.

ஒரு விடுதியின் நாற்பது விரிப்பு கொடியில் இருந்தது. கிளைகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒரு உலுக்கு உலுக்கின. பழம் பொலபொலவென்று கொட்டியது. கொட்டாததை மைனாக்கள் தின்றன. தின்றுவிட்டு, எங்கெல்லாம் வெள்ளை தெரிந்ததோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்தன. சாயந்திரம் விடுதி மேலாளர் விரிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் அறையில் கொலை விழுந்ததா என்று கேட்டு ஆள் அனுப்பினார். மறுநாள் டாக்டர்களின் கோட்டு. நோயாளி ஒருவர் டாக்டரைப் பார்த்ததும் கட்டிலை விட்டு இறங்கி ஓடியதாகச் சேதி வந்தது.

அண்ணன் எலுமிச்சை தேய்த்தார், தயிர் தேய்த்தார், சலவைத்தூளில் ஊறவைத்தார். விரிப்பில் ஓட்டை விழுந்தது, கறை மட்டும் ஓட்டையைச் சுற்றி ஓரம் தைத்தது போல் நின்றது. முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்; துணி காயாமல் நாற்றமடித்தது. வெளியே வந்து பார்த்தால் வாசலில் 'பளிச்' பலகையின் மேல் ஒரு மைனா உட்கார்ந்துகொண்டு ஊதாவில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, கடையில் நாலைந்து வாடிக்கைக்காரர்கள் கறைத் துணியோடு நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஊதா விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி ஓடிவந்தார். பின்னால் வாடிக்கைக்காரர்கள், இஸ்திரிக்காரர், அண்ணி எல்லாரும் வந்தார்கள். காற்புள்ளி மரத்தடியில் முறத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெட்டுடி இதை! இப்பவே வெட்டு!"

"என் கன்னு அண்ணே. பத்திரத்துல எனக்குன்னு எழுதியிருக்கு."

"எழுதினது இந்தக் கன்னு இல்லைடி! மாட்டுக்கன்னு! மாட்டுக்கன்னுதான் எழுதினேன்!"

"அப்ப அந்தக் கன்னு எங்க?"

"வித்துட்டேன்! நீ கையெழுத்துப் போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வித்துட்டேன்! இல்லாத கன்னை உன் தலையில கட்டித்தான் நிலத்தை வாங்கினேன்! போதுமா? இதுக்குத்தானே ஆறு வருஷம் என்னைத் தண்ணி ஊத்த வச்ச?"

அண்ணி முன்னால் வந்தாள்.

"செத்துப்போச்சுன்னு ரெண்டு நாள் பட்டினி கிடந்தீங்களே?"

அண்ணன் தோளிலிருந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"பட்டினியெல்லாம் இல்லைங்க அண்ணி" என்றார் இஸ்திரிக்காரர். நேர்மையான மனிதர். "ரெண்டு நாளும் ஓட்டல்லதான் சாப்பிட்டாரு. நான்தான் துணைக்குப் போனேன்."

வாடிக்கைக்காரர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் காற்புள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு முகமாக, வரி வரியாக. திருத்தம் சரியாக விழுந்திருக்கிறதா என்று திருத்தி வந்த இரண்டாம் மெய்ப்பை எப்போதும் ஒருமுறை பார்த்துவிடுவது அவள் வழக்கம்.

"கடைசில நின்னவங்களுக்குக் கேட்டிருக்காது அண்ணே. இன்னொரு தடவை சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். இந்தத் தடவை குரல் தாழ்ந்து, சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தெளிவாக வந்தது. சொல்லி முடித்ததும் தோளிலிருந்த விரிப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியிலும் கன்னத்திலும் ஊதா ஏறியது.

"சொல்லிட்டேன்ல பாப்பா. நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன். இனிமேலாவது மரத்தை வெட்டு."

"சொன்னா வெட்டறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

காற்புள்ளி முறத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல கனிவு. துவர்ப்பு குறைவு. கொட்டையைத் துப்பிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் தலையை உயர்த்திப் பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழே பிழியாத விரிப்புகள் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தன.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. உங்க துணி சொட்டற தண்ணியில அந்தப் பக்கம் விழற என் பழமெல்லாம் நனைஞ்சு போகுது. கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க."